கரும்பச்சைச் சேலை

சம்பேத்தோ, நந்தி
12-8-1942

அன்புள்ள அக்கா தைலம்மாளுக்குத் தங்கை பூங்காவனம் எழுதுவது. இங்கே நான், செல்லக்கிளி, மாமியார், ஓரகத்தி அங்கம்மா குடும்பம் எல்லோரும் கொசுக்கடி ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மாமாவும் பையன்களும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் இடுப்புவலி விட்டதா?

என் வீட்டுக்காரர் சுவாவுக்குப் போய்விட்டார். துறைமுகத்தில் சண்டைக்கப்பல் சாமான் இறக்கும் வேலை. யுத்தம் முடிகிறவரை அங்கேதானாம். போகும்போது செல்லக்கிளியைத் தூக்கிக்கொண்டே ரோடுவரை நடந்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

இங்கே ஊர் ஊராகவே இல்லை. கரும்புக் காட்டை ஒட்டி எங்கு பார்த்தாலும் கூடாரம். அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பெயர், ஜோ. என் மாமியார் பாப்பம்மாகூட வேலியில் நின்று, "ஏ ஜோ, இன்னாத்துக்குடா கன்னுக்குட்டிக்கு முட்டாய் குடுக்கிற?" என்று அதட்டுகிறாள்.

அங்கம்மா கெட்டிக்காரி. அவர்கள் துணியை வெளுத்துக் கொடுக்கிற வேலையைப் பிடித்துவிட்டாள். ஓடையில் துவைப்பது அவள், மரவள்ளிக் கஞ்சி காய்ச்சுவது மாமியார், பெட்டி போடுவது நான். கரி இஸ்திரிப்பெட்டியின் கனத்தில் தோள் கழன்று போகிறது. துணி வாங்க வாசலில் நான் நின்றால் மூட்டை மூட்டையாக வருகிறது. "நீ சும்மா நின்னா போதும்டி, துணி தானா வந்து வுழும்" என்று அங்கம்மா சிரிக்கிறாள்.

செல்லக்கிளி பெரியம்மாவுக்கு முத்தம் என்கிறாள்.

உன் அன்புத் தங்கை
பூங்காவனம்

*

லம்பாசா
20-9-1942

செல்லமான பூங்காவுக்கு அக்கா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. உங்கள் தீவிலிருந்து கப்பல் வந்த அன்றே உன் கடிதம் கைக்கு வந்தது. இங்கே பையன்கள் இருவரும் சளியும் இருமலுமாக இருக்கிறார்கள். மாமாவின் இடுப்பு, மில்லில் கரும்பு அரைக்கிறவரை வலிக்கும், அரவை நின்றால் நிற்கும். ஆக இடுப்புக்கும் கம்பெனிக்கும் ஏதோ ஒப்பந்தம்.

உன் கடிதத்தை மாமா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "பூங்கா இன்னும் அப்பிடியேதான் இருக்காளா?" என்று கேட்டார். நாலு வயசுப் பிள்ளைக்குத் தாய், வேறு எப்படி இருப்பாள் என்றேன். உன் கல்யாணத்தில் சொன்ன வேடிக்கையை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார். போகட்டும்.

நான் சொல்வதைக் கேள். வாசலில் நிற்கிற வேலை உனக்கு வேண்டாம். அங்கம்மா இன்று சிரிப்பாள், நாளை சிரிக்க மாட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து முடி. பொட்டைச் சின்னதாக வை. கண்ணுக்கு மை எதற்கு, கோதண்டன்தான் சுவாவில் இருக்கிறாரே? நம்மைச் சங்கப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது அப்பா என்ன சொல்வார்? "பெரியவ படிச்சுக் கணக்குப் பார்ப்பா, சின்னவ படிச்சு என்ன செய்யப்போறா, கண்ணாடி இருந்தா போதும்" என்பார். நீயும் கூடச் சிரிப்பாய். அப்போது நான் சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

குழந்தையை வெயிலில் விடாதே.

உன் அக்கா
தைலம்மாள்

*

சம்பேத்தோ
15-11-1942

அன்புள்ள அக்காவுக்குப் பூங்காவனம் நமஸ்காரம் செய்து எழுதுவது. உடம்புக்கு எல்லோரும் சுகம். உடம்பைத் தவிர மற்றதைத்தான் எழுத வேண்டும்.

நீ சொன்னபடியே வாசலை விட்டேன். பின்னால் கீற்றுக் கொட்டகையில் பெட்டி போடுகிறேன். வந்த ஜோக்கள், "எங்கே பங்கா, எங்கே பங்கா" என்று கேட்டார்களாம். என் பெயர் அவர்கள் வாயில் அப்படித்தான் நுழைகிறது. நான் இல்லை என்றதும் பாதிப்பேர் மூட்டையோடு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கம்மா பின்பக்கம் வந்து நின்றாள்.

"இன்னாடி, ராணி உள்ளே போய்ட்டீங்களா? ஒளிஞ்சு நின்னா விலை ஏறும்னு எவ சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதானே அக்கா அன்னிக்கு, மினுக்கிக்கினு நிக்கிறேன்னு சொன்னீங்க?"

"சொன்னா? சொன்னா உடனே ரோஷம் வந்துடுச்சா? வா, வந்து நில்லு."

போய் நின்றேன். அன்று ஓடைக்குப் போனபோது பெண்கள் தண்ணீர் மொள்ளுவதை நிறுத்திவிட்டு வழி விட்டார்கள், மரியாதைக்கு இல்லை. "தள்ளிக்கோங்கமே, மேலே பட்டா நமக்கும் வெள்ளை ஒட்டிக்கும்" என்றாள் ஒருத்தி. முன்னால் நின்றால் மினுக்குகிறேன், பின்னால் நின்றால் ஆசை காட்டுகிறேன், ஓடைக்குப் போனால் தண்ணீர் கெடுகிறது. நான் எங்கேதான் நிற்பது?

இன்னொன்று. என் மூத்தார் கன்னியப்பன் இப்போதெல்லாம் கொட்டகைக்கு வந்து கரி இருக்கிறதா என்று பார்க்கிறார். கரி போட நான் இருக்கிறேன், அவர் எதற்கு? அங்கம்மா அவரை ஒன்றும் கேட்பதில்லை. கொடியில் காய்ந்த என் ரவிக்கைகளை மட்டும் கத்தரித்து வைத்திருக்கிறாள்.

உனக்குக் கவலை தரத்தான் எழுதினேனோ என்னவோ. வேறு யாரிடம் சொல்ல?

பூங்காவனம்

*

லம்பாசா
27-12-1942

என் பூங்காவுக்கு. பையன்களுக்கு இருமல் போய்விட்டது. மழை விடவில்லை, ஆறு வாசல்படிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கடிதத்தோடு ஒரு சேலை அனுப்பியிருக்கிறேன். கரும்பச்சை. மாமா எனக்கு எடுத்துக் கொடுத்தது. கட்டிக்கொண்டு வெளியே போனால் கழுதைகூடத் திரும்பிப் பார்க்காது, நான் இரண்டு வருஷமாகப் பார்த்துவிட்டேன். நீ அதையே கட்டு. முக்காட்டை எடுக்காதே. மூத்தார் வந்தால் குழந்தையைக் கிள்ளிவிடு, அழுகிற சத்தத்தில் போய்விடுவார்.

கொஞ்சம் பொறுத்துக்கொள். எல்லோரும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தைலம்மாள்

*

சம்பேத்தோ
18-4-1943

அக்காவுக்கு. நான் உயிரோடு இருக்கிறேன், செல்லக்கிளி நன்றாக இருக்கிறாள். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நிதானமாகப் படி, படித்ததும் மாமாவிடம் சொல்.

இங்கிருந்த சிப்பாய்களுக்குப் புறப்பட உத்தரவு வந்துவிட்டது. சண்டை நடக்கிற தீவுக்கு. அவர்களில் சமையல்கார ஜோ ஒருவன், தலை முழுக்க நரை, நம் அப்பாவைவிட வயசு இருக்கும். வாரா வாரம் துணி வாங்க வருகிறவன் அவன்தான். தன் மூன்று பெண்களின் படத்தைச் செல்லக்கிளிக்குக் காட்டி அழுவான். போகிற அன்று இந்தத் தீவுக் காய்வீத்திப் பெண்கள் கட்டுகிற பூச் சலுசலு வாங்கிக்கொண்டு வந்தான். இந்த ஊரில் வந்தவருக்கும் போகிறவருக்கும் சலுசலு போடாத நாள் உண்டா? கவர்னர் வந்தால் போடுகிறார்கள், கால்பந்து ஜெயித்தால் போடுகிறார்கள். அவன் மாமியாருக்குப் போட்டான், மாமியார் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கன்னியப்பனுக்குப் போட்டான். அங்கம்மாவுக்குப் போட்டான், அவள் குனிந்து வாங்கிக்கொண்டு, "எம்மா, இன்னா வாசனை!" என்றாள். செல்லக்கிளிக்குப் போட்டான். கடைசியில் எனக்குப் போட்டான்.

அவன் கைகூப்பிவிட்டு லாரியில் ஏறிப் போனான். லாரி மறைந்ததும் அங்கம்மா தன் கழுத்திலிருந்ததைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு என்னைக் காட்டி மாமியாரிடம் சொன்னாள்.

"பாத்தீங்களா அத்தே, ஊர் முன்னால மாலை மாத்திக்கினா!"

"நீங்களும்தானே போட்டுக்கினீங்க?" என்றேன்.

"எனக்குப் போட்டது சலுசலுடி. உனக்குப் போட்டது மாலை."

அவ்வளவுதான் அக்கா. ஒரே கை, ஒரே நாரில் கட்டிய ஒரே பூ. அவர்கள் கழுத்தில் சலுசலு, என் கழுத்தில் மாலை. சாயங்காலத்துக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் முழுக்க வந்துவிட்டார்கள். நான் கழற்றப் போனேன். நாலுபேர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "கட்டினவன் போட்டதைக் கழட்டலாமாடி? உதிர்ற வரைக்கும் கிடக்கட்டும்" என்றார்கள். அதோடுதான் ஓடைக்குப் போனேன், அதோடுதான் குஜராத்திக் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். "பொண்ணு வந்தாச்சு, மாப்பிள்ளை எங்கே?" என்று கடை வாசலில் கேட்டார்கள். படுக்கும்போதும் கழற்றவிடவில்லை. பூ அழுகி நாறியது. செல்லக்கிளி பின்னாலேயே வந்து, "அம்மா, பூ வுழுது, அம்மா, பூ வுழுது" என்று பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

இப்போது நான் கொட்டகையில் படுக்கிறேன். குழந்தை பாட்டியோடு படுக்கிறாள். கோயில் முன்னால் ஆண்கள் யங்கோனா வேரைக் கரைத்த சட்டியைச் சுற்றி உட்கார்ந்து என்னை வைத்துப் பேசினார்கள். என்னைப் பெற்ற வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். அப்பாவும் அம்மாவும் போனபின் பெற்ற வீடு எங்கே இருக்கிறது? அப்போது மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னது இது. "அவ அக்கா புருஷன் ஆம்பிளையா வந்து நின்னு கூட்டிக்கினு போனா போகட்டும், இந்தப் பொட்டை நண்டையும் சேத்து. தனியாப் போய்க் கப்பல் ஏறினாளோ, ஜோவைத் தேடித்தான் போறான்னு அர்த்தம். அப்போ புள்ளையைத் தர மாட்டேன்."

அக்கா, மாமா ஒரு தரம் வந்தால் போதும். வந்து வாசலில் நின்றால் போதும். நான் உன் வீட்டில் மாடு கழுவுகிறேன், நெல் குத்துகிறேன், மூலையில் கிடக்கிறேன். மாமாவுக்கு நேரே எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சொன்னால்தான் சரி.

பூங்கா

*

சம்பேத்தோ
23-5-1943

அன்புள்ள அக்காவுக்கு. சுகம். என் முந்தின கடிதம் வந்ததா? கப்பல் இரண்டு தரம் போய் வந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். தினமும் அவரிடம் கேட்பதால், "உன் ஜோ எழுதுவான்னு பாக்கிறியா?" என்கிறார்கள். இனிக் கேட்கவும் போக மாட்டேன், வந்தால் அவரே கொடுத்தனுப்புவார்.

புதுச் சிப்பாய்கள் வந்திருக்கிறார்கள். அங்கம்மா மறுபடியும் என்னை வாசலில் நிறுத்துகிறாள். ஊருக்கு ஆகாதவள் துணிக்கு மட்டும் ஆகிறேன்.

மாமாவிடம் சொன்னாயா?

பூங்கா

*

லம்பாசா
14-6-1943

பூங்காவுக்கு அக்கா எழுதுவது. உன் இரண்டு கடிதமும் வந்தன. அரவை தொடங்கிவிட்டது, வீட்டில் எனக்கு உட்கார நேரமில்லை, அதனால்தான் தாமதம். பெரியவனுக்குக் காய்ச்சல் வந்து போனது.

படித்து வயிறு எரிந்தது. அந்த அங்கம்மா நாசமாய்ப் போவாள். ஆனால் நீயும் யோசிக்க வேண்டும். மாலை போட வந்தவனிடம் கையை நீட்டி வாங்கியிருக்கலாமே, கழுத்தை ஏன் நீட்டினாய்? சரி, போனது போகட்டும்.

இப்போது நீ வருவது தோதுப்படாது. வீடு சின்னது, ஓர் அறையும் அடுப்படியும்தான். மாமாவுக்கு மில்லில் லீவு கிடைக்காது, இடுப்போடு கப்பலில் எப்படி வருவார்? உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. வருத்தப்படுவார். உன் புருஷன் இருக்கும்போது நாங்கள் வந்து கூட்டிப் போனால் அது முறையா? முதலில் கோதண்டனுக்கு எழுது. அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் எல்லார் வாயும் மூடும்.

செல்லக்கிளியை மட்டும் என்றால் நாளைக்கே வைத்துக்கொள்வேன். எனக்கும் பெண் குழந்தை இல்லை.

கரும்பச்சைச் சேலையைக் கட்டுகிறாயா?

தைலம்மாள்

*

சம்பேத்தோ
25-7-1943

அக்காவுக்கு. எல்லோரும் இருக்கிறோம்.

நீ எழுதச் சொன்ன ஆளுக்கு எனக்கு முன்பே இவர்கள் எழுதிவிட்டார்கள். அவர் வந்தார். இந்த வருஷம் விலை படியவில்லை என்று இங்கே கரும்பு வெட்டவில்லை, ஆண்களுக்கெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. அவரையும் கூப்பிட்டு யங்கோனா ஊற்றி நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். என்ன சொன்னார்களோ. வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். நான் பரிமாறக் கூடாது என்று மாமியாரே பரிமாறினாள். அப்புறம் கொட்டகைக்கு வந்து வாசலிலேயே நின்றார். நான் அழுதேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாலை போட்டப்போ நீ சிரிச்சியா?"

நான் பொய் சொல்லியிருக்கலாம் அக்கா. "சிரிச்சேன். எல்லாரும்தான் சிரிச்சாங்க, உங்க அம்மாகூடச் சிரிச்சாங்க" என்றேன்.

"அவங்க சிரிச்சது வேற" என்றார்.

விடிந்ததும் சுவாவுக்குப் போய்விட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும். எத்தனை வருஷம் அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், அப்போதெல்லாம் நானும் சிரித்திருக்கிறேனே, அதெல்லாம் எந்தச் சிரிப்பு?

இப்போது இந்த வீட்டில் நான் பெட்டி போடுகிற ஆள். செல்லக்கிளி என்னை அம்மா என்று கூப்பிட்டால், "கொட்டகைக்காரின்னு கூப்புடு" என்று அங்கம்மா சொல்லிக்கொடுக்கிறாள். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டிக் கூப்பிடுகிறது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவே பழகிவிடும். எனக்கு அந்த ஒரு பயம்தான். மற்ற எதையும் தாங்கிக்கொள்வேன்.

கன்னியப்பன் கரி பார்க்க வருவது நிற்கவில்லை. கொட்டகைக்குக் கதவு கிடையாது.

செல்லக்கிளியை மட்டும் வைத்துக்கொள்வதாக எழுதியிருந்தாய். அதை மூன்று தரம் படித்தேன். கரும்பச்சைச் சேலையைத்தான் கட்டுகிறேன். அதைக் கட்டியும் ஒன்றும் ஆகவில்லை. சேலை உனக்குச் செய்ததை எனக்குச் செய்யவில்லை, நான் என்ன செய்ய?

மாமாவை அனுப்பு அக்கா. காலில் விழுகிறேன்.

பூங்கா

*

சம்பேத்தோ
22-8-1943

அன்புள்ள அக்கா, மாமா, பையன்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, வேலை இருக்கும்.

ஒரு சேதி. போன வாரம் பெட்டியில் கரியை நிரப்பித் தூக்கும்போது மூடி திறந்துகொண்டது. கால் தடுக்கி அதன் மேலேயே விழுந்துவிட்டேன். இடது கன்னம் முழுக்க, காதுவரை வெந்துவிட்டது. கண் தப்பியது. காய்வீத்திக் கிழவி ஒருத்தி இலை அரைத்துப் போட்டாள். சிப்பாய் ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். ஆறினாலும் தோல் இழுத்துக்கொண்டுதான் நிற்குமாம், வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. செல்லக்கிளி பயந்து கிட்டே வரவில்லை, பிறகு பழகிவிட்டாள்.

ஒரு நல்லதும் நடந்தது. அங்கம்மா ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, "குடிடி, பாவம்" என்றாள். ஓடையில் பெண்கள் தள்ளிப் போகவில்லை. இனி எந்த ஜோவும் என் பெயரைக் கேட்க மாட்டான். இனி யார் வீட்டுக்கும் நான் இடைஞ்சல் இல்லை.

தகவலுக்காக எழுதினேன். கவலைப்படாதே.

பூங்கா

*

லம்பாசா
30-8-1943

என் கண்ணே, என் பூங்கா, என் தங்கமே,

இன்று காலை கப்பலில் உன் கடிதம் வந்தது, மத்தியானக் கப்பலுக்கே இதைக் கொடுக்கிறேன். மாமாவும் அதே கப்பலில் புறப்படுகிறார். லீவாவது மண்ணாவது, வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன், படித்துவிட்டு மனிதர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

ஐயோ, அந்த முகத்துக்கா இப்படி! அம்மா இருந்திருந்தால் செத்துப் போயிருப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுகிறேன். யாரும் இங்கே உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டார்கள், நான் இருக்கிறேன். நீ மூலையில் கிடப்பதாவது? என் பாயில் என் பக்கத்தில் படு. நான் ஊட்டிவிடுகிறேன். வீடு சின்னதுதான், அதனால் என்ன, மனசு இருந்தால் போதாதா? பின்னால் ஒரு சார்ப்பு இறக்கிவிடலாம் என்று மாமாவும் சொல்கிறார்.

காயத்துக்கு வைக்க வேலியோரம் கற்றாழை நிறைய இருக்கிறது. வெயில் படாமல் வா. சீக்கிரம் வா.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அக்கா

*

கப்பலில், லம்பாசா துறை
12-9-1943

அன்புள்ள அக்காவுக்கு. நானும் செல்லக்கிளியும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். கப்பலை விட்டு இன்னும் இறங்கவில்லை. இந்தக் கடிதத்தை மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நீ இதைப் படிக்க வேண்டும் என்று அவரைக் கெஞ்சியிருக்கிறேன்.

என் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெட்டியைத் தூக்கியது உண்மை. கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அதைக் கன்னத்துக்குக் கிட்டே கொண்டு போனதும் உண்மை. சூடு தாங்கவில்லை, ஆனாலும் சுட்டுக்கொண்டிருப்பேன். செல்லக்கிளி எப்படியோ பாட்டியிடமிருந்து ஓடிவந்து நின்று, "அம்மா, கரி வுழுது" என்றாள். கொட்டகைக்காரி என்று சொல்லவில்லை, அம்மா என்றாள். கீழே வைத்துவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, சுட்டுக்கொள்வானேன், சுட்டுக்கொண்டதாக எழுதிப் பார்த்தால் என்ன என்று.

அங்கம்மா மோர் கொடுத்ததாக எழுதியதும் பொய்தான். அதை ஏன் எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆசையாக இருந்தது.

மாமா வந்து வாசலில் நின்றார். கோயில்காரர்கள் முன்னால் சொன்ன சொல்லை மாமியாரால் மாற்ற முடியவில்லை. என்னைப் பார்த்ததும் மாமா, "காயம் எங்கேம்மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு வழிநெடுக அவர் என்னோடு பேசவில்லை. செல்லக்கிளியிடம்தான் பேசிக்கொண்டு வந்தார். நல்ல மனுஷர் அக்கா. நீ நினைக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை.

என் கல்யாணப் பந்தியில் மாமா என்னைக் காட்டி, "ரெண்டு வருஷம் பொறுத்திருந்தா இந்தப் பொண்ணையே கட்டியிருப்பேனே" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நீ பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாய். உன் கை வாளியோடு அப்படியே நின்றது, பிறகு அடுத்த இலைக்குப் போனாய். நான் மணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கே எனக்குத் தெரியும். அதனால்தான் மாமாவுக்கு நான் நேராக எழுதவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ரொம்ப இருக்கிறது. நான் முழுசாக இருந்தபோது உன் வீட்டில் இடமில்லை, வெந்து போனேன் என்றதும் உன் பாயில் இடம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்திருக்கிறேன். என்னை யாரும் அப்படிக் கண்ணே, தங்கமே என்று கூப்பிட்டு ரொம்ப நாளாயிற்று.

கப்பல் சாயங்காலம் திரும்புகிறது. நான் இறங்கட்டுமா, இப்படியே உட்கார்ந்திருக்கட்டுமா? சொல்லி அனுப்பு. எங்கே போவேன் என்று எனக்குத் தெரியாது. குழந்தை பசி என்கிறாள்.

பூங்காவனம்

*

லம்பாசா
அன்றே

பூங்காவுக்கு.

நின்றபடியே படித்தேன். வந்து உன்னை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். முறம் நிறையக் கற்றாழை வெட்டி வைத்திருக்கிறேன், தெரியுமா உனக்கு? பாயசத்தைப் பற்றி நீ எழுதியிருக்க வேண்டாம்.

இறங்கு. சோறு வடித்தாயிற்று, செல்லக்கிளிக்குப் பருப்பு தனியாக வைத்திருக்கிறேன். மாமா இனித் துறைக்கு வரமாட்டார். இந்தச் சீட்டைக் கொண்டுவருகிற வண்டிக்காரக் கிழவரோடு வா.

நான் சொல்வதைக் கேள். கரும்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கு. முந்தானையைக் கிழித்துக் கன்னத்தை மறைத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொள், இடது கன்னம்தானே எழுதியிருந்தாய்? இங்கே எல்லோரிடமும் காயம் என்று சொல்லி அழுதாயிற்று, இனி மாற்ற முடியாது. அது அப்படியே இருக்கட்டும். வீட்டுக்குள்ளும் அவிழ்க்க வேண்டாம்.

எப்போது ஆறியது என்று நான் சொல்கிறேன்.

உன் அக்கா
தைலம்மாள்